கவிழ்த்து வைத்த கப்

எங்கள் அக்காவுக்குப் பயப்படவே தெரியாது என்று முப்பது வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு நாக்கு கூசுகிறது.

அவள் வேலை அப்படி. ஆம்புலன்ஸ் வேண்டும், தீயணைப்பு வண்டி வேண்டும் என்று ஜனங்கள் பதறிப்போய் போன் போடுவார்கள் இல்லையா, அந்தப் போனை எடுக்கிறவள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். யார் வீட்டில் என்ன இடிந்து விழுந்தாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். "நான் இங்கதான் இருக்கேன். போன வெக்காதீங்க. எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க." பதினெட்டு வருஷமாக இதே பேச்சு. என்னோடு சண்டை போடும்போதுகூட இதே குரலில்தான் பேசுவாள். நான் கத்தக் கத்த அவள் குரல் இறங்கிக்கொண்டே போகும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

நான் பூட்டு ரிப்பேர்க்காரன். சாவி தொலைத்தவர்கள், கதவு சாத்திக்கொண்டு வெளியே நிற்பவர்கள் எல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோபக்காரன், வாய் நீளம் என்று எனக்குப் பெயர். பெயர் வைத்தவளும் அக்காதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் வீட்டு மேஜையில் நாங்கள் நாலு பேர் உட்காருவோம். கதைக்குள் புகுந்து ஆடுகிற விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். பாழடைந்த கோட்டை, பேசுகிற ஓநாய், சாபம் பிடித்த கிணறு என்று அவர் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் வீரனாகவோ திருடியாகவோ மந்திரவாதியாகவோ உள்ளே நுழைந்து, "நான் கயித்துல இறங்குறேன்", "நான் வாளை உருவுறேன்" என்று சொல்லவேண்டும். வெட்டு விழுந்ததா தவறியதா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். மற்றபடி நடத்துகிறவர் சொன்னால் சொன்னதுதான். அந்த உலகத்தில் அவர் வாயில் வருவதுதான் உண்மை.

எங்கள் மேஜையில் நடத்துகிறவள் அக்கா. அவள் வீட்டுக்காரர், என் மாமா, பஸ் ஓட்டுகிறவர். நிஜத்தில் ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார். விளையாட்டில் மட்டும் கோடரியோடு அலையும் ராட்சசன். நாலாவது ஆள் கீழ் வீட்டுப் பல்டாக்டர் அம்மா. கதையில் யார் தலையாவது உருண்டால் போதும், கைதட்டிச் சிரிப்பார். "ரத்தம் கொட்டுச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல!" ஆனால் சிலந்தி என்று யாராவது வாயெடுத்தால் காலிரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வார்.

அந்தச் சிலந்தியால் வந்ததுதான் கப். காது உடைந்த பச்சை நிறக் கப் ஒன்றை மேஜை நடுவில் அக்கா கவிழ்த்து வைப்பாள். கதை போகும் போக்கு யாருக்காவது தாங்கவில்லை என்றால் அதைக் கையில் எடுக்கவேண்டும். எடுத்த அந்த நிமிஷமே அந்தக் காட்சி முடிந்தது. சிலந்தி போய்விடும், குகை போய்விடும், வேறு இடத்திலிருந்து கதை தொடங்கும். ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது. பிற்பாடும் கேட்கக்கூடாது. இதுதான் விதி.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "பேய்க்கதைக்கு வந்துட்டு பேய் வேணாம்னா எப்படி? அப்புறம் எதுக்கு விளையாடுறது, உக்காந்து காய் நறுக்கலாமே!" என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கத்தியிருக்கிறேன்.

"பயம் வேணும்டா. யார் வேணாம்னா? ஆனா அது மேஜை மேல இருக்கணும். மடியில வந்து விழக்கூடாது" என்பாள் அதே இறங்கின குரலில். "நான் நாள் பூரா கேக்குறது மடியில விழுந்த பயம். வித்தியாசம் எனக்குத் தெரியும்."

"பெரிய இவ" என்று முணுமுணுத்துக்கொண்டு பகடையை உருட்டுவேன். நாலு வருஷத்தில் ஒருவர்கூட அந்தக் கப்பை எடுத்ததில்லை. அதுவே எனக்கு ஒரு சவாலாகிவிட்டது. நான் நடத்தினால் எடுக்கவைத்துக் காட்டுவேன் என்று மனசுக்குள் ஒரு வீம்பு. பயமுறுத்துவதற்கு அது ஒன்றுதானே அளவு? அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு அந்தப் போன் வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூட "வேலையில கொஞ்சம் கஷ்டம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னது ஒரு பூட்டால். அவள் வீட்டுப் பின்கதவுப் பூட்டு இறுகிப்போய்விட்டது என்று கூப்பிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள் திடீரென்று கேட்டாள்:

"ஏன்டா, உள்பக்கம் தாழ் போட்ட கதவ வெளியில இருந்து திறக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம்" என்றேன், தலையைக்கூடத் தூக்காமல். தொழில் கெத்து.

அதற்குப் பிறகுதான் எதற்காகக் கேட்டாள் என்று சொன்னாள். ஒரு பட்டப்பகல். ஆறு வயசுக் குழந்தை. அறைக்குள் தானே தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு, பிறகு இறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டது. வெளியே வீடு எரிகிறது. உள்ளே இருந்த போனில் குழந்தை இவளைக் கூப்பிட்டுவிட்டது. "கதவு சூடா இருக்கு" என்றதாம். ஈரத்துணியைக் கதவுக்கு அடியில் வை, ஜன்னல் பக்கம் தரையோடு தரையாகப் படுத்துக்கொள் என்றெல்லாம் இவள் சொல்லியிருக்கிறாள். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஆள் இன்னொரு லைனில் வந்து, "நான் உள்ள போய் கதவ உடைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "போகாதீங்க, வண்டி வந்துட்டே இருக்கு" என்று இவள் தடுத்துவிட்டாள். அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது அவர்கள் வேலை விதி. எட்டாவது நிமிஷம் குழந்தையின் லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் அடுத்த போனை எடுக்கமுடியாதாம்.

"எட்டு நிமிஷம் இருந்துச்சுடா" என்றாள். "மூணு போதும்னு நீ சொல்ற."

நான் அப்போதே திருத்தியிருக்கலாம். இரும்புத் தாழ் போட்ட கதவு, கையில் கருவி இல்லாத ஆள், நடுவில் புகை. மூணு நிமிஷமாம், மண்ணாங்கட்டி. ஆனால் வாயிலிருந்து விழுந்த பெருமையைத் திரும்பப் பொறுக்கி எடுக்க எனக்கு வராது. "ம்ம்" என்று முனகிவிட்டு ஸ்குரூவைத் திருகினேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். ஹெட்போனை மாட்டினாள். போன் வந்தது. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனாள், மறுபடியும் அப்படியே. ஆறு வாரம் லீவு கொடுத்தார்கள். அது முடிந்து வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் நாற்காலியில் உட்காரவேண்டும். முடியாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய பைல்களை அடுக்குகிற அறைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கினால் அப்புறம் அக்கா என்று எங்கே யார் இருக்கப்போகிறாள்?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "இன்னிக்கு நீ நடத்து. எனக்குக் கதை வரல."

எனக்கு அடித்தது யோகம் என்றுதான் தோன்றியது. அக்காவைக் குணப்படுத்தத்தான் போகிறேன், ஒரு தடவை நன்றாகப் பயந்துவிட்டால் தெளிந்துவிடுவாள் என்று எனக்கு நானே கதை அளந்துகொண்டு போனேன். பொய். கப்பை எடுக்கவைக்கவேண்டும். அவ்வளவுதான் என் புத்தி.

நல்ல வெயில். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்; வாளிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மேலே கேட்டது. பயப்படுவதற்கான இடமே இல்லை அது. கப் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா விளக்கேந்தி வரும் ஒரு வீராங்கனையாக விளையாட வந்திருந்தாள். மற்ற இருவரும் வழக்கம்போல.

கோட்டைக்குள் அழைத்துப்போனேன். சுரங்கப்பாதை, எலும்புக்கூடு, கூரையிலிருந்து சொட்டுகிற ஏதோ ஒன்று. பல்டாக்டருக்கு ஒரே குஷி. மாமாவின் ராட்சசன் மூன்று பேரைக் கோடரியால் பிளந்தான். யாருக்கும் ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. அக்கா ஒரு காகிதத்தை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

எனக்குச் சூடு ஏறியது. சரி, இருக்கட்டும் என்று சொன்னேன்: "பாதை முடியுற இடத்துல ஒரு இரும்புக் கதவு. அந்தப் பக்கத்துல ஒரு குழந்தை."

"நிஜக் குழந்தையா, பேயா?" என்றார் பல்டாக்டர்.

குரலைச் சின்னதாக்கிக்கொண்டு நான் சொன்னேன்: "கதவு சூடா இருக்கு."

காகிதம் அப்படியே நின்றது.

மாமா விஷயம் தெரியாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார், மனைவி முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு. "டேய்" என்றார் மெல்ல. பல்டாக்டர் மட்டும் "ஐயோ, சூப்பர்" என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

எடு, கப்பை எடு, என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம். அவள் எடுக்கவில்லை. கதவுப் பக்கம் காதைக் கொடுப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் இங்கதான் இருக்கேன். போன வெக்காத கண்ணா. நீ எங்க இருக்க?"

ஆறு வாரமாக வராத குரல் அது. விளையாட்டுக் கோட்டையில் போன் ஏது? அதைக் கேட்க அந்த மேஜையில் யாருக்கும் வாய் வரவில்லை.

"ரூம்ல" என்றேன். வேறென்ன சொல்வது?

"உனக்கு எத்தனை வயசு?"

"ஆறு."

"கெட்டிக்காரப் பிள்ளை. கதவத் தொடாத, சரியா? கதவுக்குக் கீழ புகை வருதா?"

நடத்துகிறவன் நான். நிறுத்தியிருக்கலாம். கதவு மறைந்தது, குழந்தை மறைந்தது என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் கேட்கக் கேட்க என் வாய் தானாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. புகை வருது. துணி இருக்கு. தண்ணி ஒரு பாட்டில்ல இருக்கு. இருமல் வருது. என் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. நாற்பத்திரண்டு வயசுத் தடியன், ஆறு வயசுக் குழந்தையாகி மாட்டிக்கொண்டேன். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த நிஜக் குழந்தைக்கு என்ன ஆனது என்று அவளுக்கும் தெரியாது. முடிவை நான்தான் சொல்லியாகவேண்டும்.

"தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. இறக்க வரல."

"பரவாயில்ல. கீழ படுத்துக்கோ. நான் இங்கதான் இருக்கேன்."

அப்புறம் அவள் கதவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. குரல் அதே குரல்.

"இப்ப வெளியில ஒரு ஆள் நிக்கிறார். உள்ள போகட்டுமான்னு கேக்குறார். நான் போகச் சொல்றேன். கதவு எவ்ளோ நேரத்துல திறக்கும்?"

நான் பகடையைத் தேடினேன். அவள் அதன் மேல் கையை வைத்து மூடினாள்.

"பகடை வேணாம். நடத்துறவன் நீதானே? நீ சொன்னா அதுதான் உண்மை. சொல்லு. எவ்ளோ நேரம்?"

மூணு நிமிஷம் என்றால் கதவு திறக்கும், குழந்தை பிழைக்கும், இங்கே. ஆனால் அங்கே அந்த ஆளைத் தடுத்ததால்தான் குழந்தை போயிற்று என்று அவள் நாளைக்கும் அதற்கு மறுநாளும் சாகிறவரைக்கும் நினைப்பாள். முடியாது, திறக்காது என்றால், அவள் கண்ணெதிரே இந்த மேஜையில், என் வாயால், ஒரு குழந்தை சாகவேண்டும். மாமா எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கீழே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வயசில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

நான் கையை நீட்டிக் கப்பை எடுத்தேன்.

கோட்டை போயிற்று, கதவு போயிற்று. கப் என் கையில் இருந்தது. அக்கா அதையே பார்த்தாள். ஏன் எடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவள் போட்ட விதியாயிற்றே, எப்படிக் கேட்பாள்? கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு நிமிஷம் பொய்க்கா" என்றேன்.

அவள் முகம் அசையவில்லை.

"கெத்துக்குச் சொன்னேன். இரும்புத் தாழ், உள்பக்கம் போட்டது. எல்லா சாமானும் வெச்சுக்கிட்டு, நல்ல வெளிச்சத்துல, எனக்கே இருபது நிமிஷம் ஆகும். அந்த ஆள் கையில ஒண்ணும் இல்ல. புகையில கண்ணும் தெரியாது. போயிருந்தா அவரும் திரும்பி வந்திருக்க மாட்டார். நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. நான் ஒரு நாய், விடு."

பல்டாக்டர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுப் பின்கதவுப் பூட்டு" என்றாள் அக்கா கடைசியில். "அதுக்கே அன்னிக்கு முக்கா மணி நேரம் ஆச்சேடா உனக்கு. ரெண்டு தடவை டீ போட்டுக் குடுத்தேன்."

"ஆமா."

"பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தேன். ஆனா மூணு நிமிஷம்னு நீ சொன்னத நம்பிட்டேன் பாரு."

சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பில்லை. மாமா அவள் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டார். ஆறு வாரத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான். நான் அந்தக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். கிளம்பும்போது அவளே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது எனக்கு வேணும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அலுவலகத்துக்கு எதிரே என் வேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. போன இரண்டு தடவையும் அரை மணி நேரத்தில் வெளியே வந்தவள். எட்டரை ஆயிற்று. வாசலில் யாராவது வந்தால் அவள்தானா என்று எட்டிப் பார்ப்பேன். ஒன்பது ஆயிற்று. யாரோ சாவி தொலைத்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். பத்து, பதினொன்று. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வெளியே வந்தாள். நேராக வேனுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"ஜன்னல்ல இருந்து காலையிலயே பாத்துட்டேன். போய் பொழப்பப் பாரு" என்றாள் அந்த இறங்கின குரலில். கோபமே வரவில்லை எனக்கு.

கப் இப்போது அவள் மேஜையில், போனுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறாள். அதை யார் கையில் எடுத்தாலும் அடுத்த ஆள் அந்த லைனை வாங்கிக்கொள்வார். கேள்வி கிடையாது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வேறொரு கப் வைத்துக்கொண்டோம். அக்காதான் நடத்துகிறாள். பேய் வருகிறது, ஓநாய் வருகிறது. சிலந்தி வருவதில்லை, கதவுக்குப் பின்னால் குழந்தையும் வருவதில்லை. இன்னும் கொஞ்சம் பயமுறுத்து என்று நான் வாயைத் திறப்பதே இல்லை.

அலுவலகத்தில் அந்தக் கப்பை இதுவரை இரண்டு தடவை எடுத்திருக்கிறாளாம். மாமா சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.